ஸ்டென்ட்டின் மேல் பூசியிருப்பது எது? நோயாளிக்குச் சொல்லக் கோரி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கும், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்காக, குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழலான ஸ்டென்ட்டை மருந்து பூசிய வடிவில் பொருத்திக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தரப்பட வேண்டும். அந்த ஸ்டென்ட்டின் மேல் மருந்தைத் தாங்கியிருக்கும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) பூச்சு எது, அது உடலில் எவ்வளவு காலத்தில் கரையும், கரைந்தபின் உள்ளே எஞ்சியிருப்பது என்ன என்பவை அவர் படிக்கும் மொழியிலேயே அதில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதே விவரங்கள் ஒரு தேசியப் பதிவேட்டில் ஏறி, குறைந்தது பத்து ஆண்டுகளுக்குப் பின்தொடரப்பட வேண்டும். இவ்விரண்டையும் கட்டாயமாக்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பாலிமர் வேதியியல் கற்பித்தவன். சிகிச்சை முறை பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் உடலுக்குள் கரையும் ஒரு பொருள் எப்படிக் கரைகிறது, எதனால் வேகம் மாறுகிறது, அதைப் பற்றி எதை எழுதிவைக்காவிட்டால் பின்னாளில் யாராலும் கண்டுபிடிக்க இயலாமல் போகும் என்பவை என் துறைக்கு உட்பட்டவை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். 2017 பிப்ரவரியில் விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்ட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது, இந்நாட்டு நோயாளிகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆறுதல்களுள் ஒன்று என்றே கருதுகிறேன். லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் அன்று 29,600 ரூபாய்க்கு இறங்கியது. மருந்து பூசாத வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய்க்கு வந்தது. நிரந்தரப் பூச்சு கொண்டவை, கரையும் பூச்சு கொண்டவை, ஸ்டென்ட்டின் வேலையைச் செய்து பின் முழுவதும் கரைந்துபோகும் சட்டகங்கள் ஆகிய மூன்றும் ஒரே விலை வகைக்குள் வைக்கப்பட்டன. அதைப் பிரிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் வாதிட்டதுண்டு. நான் அதைக் கேட்கவில்லை. விலைப் பட்டியலில் ஒரே வரியாக இருப்பவை மருத்துவமனைக் கோப்பிலும் நோயாளியின் கையிலும் ஒரே வரியாகிவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். விலைக்கு ஒரே வகை போதும். பொருளின் வரலாற்றுக்கு அது போதாது.

இதற்கான காரணம் அந்தப் பூச்சின் வேதியியலிலேயே இருக்கிறது. உடலில் கரையும் பாலிமர்களில் பெரும்பாலானவை பாலிலாக்டிக் அமிலம், பாலிகிளைகாலிக் அமிலம் என்ற இரண்டையும், இரண்டும் கலந்த பி.எல்.ஜி.ஏ. என்ற இணைபாலிமரையும் சார்ந்தவை. இவை புதியவை அல்ல. பிரிக்கத் தேவையில்லாத தையல் நூலாக 1970களின் தொடக்கத்திலேயே அறுவை அரங்குகளுக்குள் வந்துவிட்டவை. இவற்றின் நீண்ட சங்கிலியில் ஒவ்வோர் அலகையும் அடுத்ததோடு இணைப்பது எஸ்டர் பிணைப்பு. திசுக்களில் உள்ள நீர் அந்தப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. சங்கிலி குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் மிஞ்சுகின்றன. லாக்டிக் அமிலம் நம் தசைகளே நாள்தோறும் உண்டாக்கும் பொருள். உடல் அதைச் செரித்து நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேற்றிவிடும். இவை பாதுகாப்பானவை என்று கருதப்படுவதற்கு இதுவே அடிப்படை, அந்த அடிப்படை உறுதியானதுதான்.

ஆனால் எவ்வளவு காலத்தில் கரையும் என்பது பொருளின் பெயரில் இல்லை. லாக்டிக், கிளைகாலிக் இரண்டும் சரிபாதியாக உள்ள பி.எல்.ஜி.ஏ. ஓரிரு மாதங்களில் சிதைந்துவிடும். லாக்டிக் பங்கு கூடக்கூட அது நீரை விலக்குவதால் காலம் நீள்கிறது. படிகத்தன்மை மிகுந்த பாலி எல் லாக்டிக் அமிலம் முழுவதும் மறைய இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். தொடக்க மூலக்கூற்று எடை (சங்கிலி எவ்வளவு நீளம் என்பதைக் காட்டும் அளவு), சங்கிலியின் முனையில் அமிலத் தொகுதி இருக்கிறதா இல்லையா, தயாரிப்பில் வினையூக்கியாகச் சேர்த்த வெள்ளீயச் சேர்மம் எவ்வளவு தங்கிவிட்டது, வினைபுரியாமல் எஞ்சிய மூல அலகு எவ்வளவு என்பவையும் வேகத்தை மாற்றும். பருமனுக்கும் பங்குண்டு. சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள மெல்லிய பூச்சில் உண்டாகும் அமிலம் உடனுக்குடன் வெளியேறிவிடும். தடித்த துண்டிலோ அமிலம் உள்ளேயே தேங்கி, மேற்பரப்பைவிட மையப் பகுதியை வேகமாக அரிக்கும். ஆகவே ‘கரையும் பாலிமர்’ என்று மட்டும் ஒரு கோப்பில் எழுதியிருந்தால் நான்கு மாதத்தில் மறைவதும் அதில் அடங்கும், இரண்டு ஆண்டு தங்குவதும் அடங்கும்.

பூச்சு என்பது மருந்தைத் தாங்கும் வெறும் பசை என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது; அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தோரும் உண்டு. 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சைஃபர் என்ற ஸ்டென்ட்டில் சிரோலிமஸ் மருந்து, கரையாத பாலிமர் கலவை ஒன்றில் ஏற்றப்பட்டிருந்தது. மருந்து மூன்று மாதங்களுக்குள் தீர்ந்துவிட்டது. பாலிமர் மட்டும் குழாய்ச் சுவரில் நிலைத்துவிட்டது. ஸ்டென்ட்டுக்குள் சதை வளர்ந்து மீண்டும் அடைப்பது பெருமளவு குறைந்ததால் உலகமே அதைக் கொண்டாடியது. பின்னர், ஓராண்டுக்குப் பிறகும்கூடச் சிலருக்குத் திடீரென ரத்தம் உறைந்து குழாய் அடைபடுவது தெரியவந்தது. இறந்தோரின் ரத்தக்குழாய்களை ஆராய்ந்தபோது, சிலரிடம் அந்த நிரந்தரப் பாலிமரைச் சுற்றி ஒவ்வாமை அழற்சி காணப்பட்டது. 2006இல் பார்சிலோனாவில் நடந்த இதயவியல் மாநாட்டில் இது பெரும் விவாதமாக வெடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிபுணர் குழுவைக் கூட்டியது. வேலை முடிந்ததும் விலகிவிடும் பூச்சு வேண்டும் என்ற தேவை அழுத்தமாக எழுந்தது அப்போதுதான்.

அதன்பின் வந்தவற்றுள் பலவும் நல்ல பொருள்களே. 1,707 நோயாளிகளிடம் நடத்தி 2008இல் வெளியான லீடர்ஸ் ஆய்வில், பாலிலாக்டிக் அமிலப் பூச்சுள்ள ஸ்டென்ட் சைஃபருக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. ஐந்தாண்டுப் பின்தொடர்தலில், ஓராண்டு கடந்து ஏற்படும் ரத்த உறைவு அதில் குறைவு என்று கண்டார்கள். குழாய்ச் சுவரைத் தொடும் பக்கத்தில் மட்டும் சுமார் நான்கு மைக்ரான் தடிமனுக்குப் பி.எல்.ஜி.ஏ. பூசிய சினர்ஜி ஸ்டென்ட் 2015 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; அதன் பூச்சு ஏறத்தாழ நான்கு மாதங்களில் மறைந்துவிடுகிறது. அதேவேளை, ஃபுளோரின் கலந்த நிரந்தரப் பாலிமரைக் கொண்ட பிந்தைய தலைமுறை ஸ்டென்ட்டுகளும் மிகச் சிறப்பாகவே இயங்குகின்றன. மியூனிக்கில் 2,603 நோயாளிகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஐசார் டெஸ்ட் 4 ஆய்வில் கரையும் பூச்சும் இந்தப் புதிய நிரந்தரப் பூச்சும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன; பின்தங்கியது பழைய சைஃபரே. எனவே கரைவது உயர்ந்தது, கரையாதது தாழ்ந்தது என்று பிரித்துப் பேசுவது உண்மைக்கு மாறானது. நோயாளியிடமோ அவர் குடும்பத்திடமோ அப்படிச் சொல்லி விற்பதை நீங்கள் அனுமதிக்கக் கூடாது.

முழுவதும் கரையும் சட்டகங்களின் கதை இன்னும் கடுமையான பாடம். அப்சார்ப் என்ற சட்டகம் உலோகமே இல்லாமல், பாலி எல் லாக்டிக் அமிலத்தாலேயே செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகளில் கரைந்து, குழாய் தன் இயல்புக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையோடு 2012 இறுதியில் இந்தியாவுக்கு வந்தது. பாலிமருக்கு உலோகத்தின் வலிமை கிடையாது. அதனால் அதன் கம்பிகள் சுமார் 150 மைக்ரான் தடிமனாக இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தடிமன் ரத்த ஓட்டத்தைக் குலைத்தது. சிதையும் கட்டத்தில் சில சட்டகங்கள் சீராகக் கரையாமல், உடைந்த கம்பிகள் குழாயின் உள்வெளிக்குள் நீட்டிக்கொண்டன. அப்சார்ப் 3 ஆய்வில் இரண்டாண்டு முடிவில், சிகிச்சை செய்த இடத்தில் தோல்வி 11 விழுக்காடு. மருந்து பூசிய உலோக ஸ்டென்ட் வைத்தவர்களிடம் அது 7.9 விழுக்காடு. 2017 செப்டம்பரில் நிறுவனம் உலகெங்கும் விற்பனையை நிறுத்தியது. அதற்கு முன் இந்நாட்டில் அதைப் பொருத்திக்கொண்டவர்களுள் எத்தனை பேருக்குத் தம் உடலில் இருந்தது அதுதான் என்று தெரியும்? விற்பனை நிறுத்தப்பட்ட செய்தி அவர்களுள் எத்தனை பேரின் வீடு தேடிப் போனது? இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய ஒரு பொதுப் பதிவேட்டை நான் தேடுகிறேன்.

இந்தக் கவலை கற்பனையானதல்ல. 2010 ஆகஸ்டில் உலகளவில் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு, இந்தியாவில் சுமார் 4,700 அறுவைச் சிகிச்சைகளில் பொருத்தப்பட்டிருந்தது. பின்னாளில் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்தபோது, அதைப் பொருத்திக்கொண்டவர்களுள் 3,600 பேருக்கு மேல் கண்டறிய இயலாதவர்களாகவே இருந்தார்கள். அது உலோகத்தால் ஆன மூட்டு. நோயாளி கிடைத்துவிட்டால் ஊடுகதிர்ப் படம் எடுத்தோ, வெளியே எடுத்த மூட்டைச் சோதித்தோ அது எந்த மூட்டு என்று நிறுவ முடியும். கரையும் பூச்சுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒருவருக்கு ரத்தம் உறைந்தால், அப்போது உள்ளே இருப்பது உலோக வலை மட்டுமே. பூச்சு மறைந்திருக்கும், அது சொன்ன காலத்தில் மறைந்ததா, முன்னதாகவே உதிர்ந்ததா, தாமதித்து அழற்சியை உண்டாக்கியதா என்பதற்கு உடலில் எந்தச் சாட்சியும் இராது. அந்தப் பூச்சு என்னவாக இருந்தது என்று எழுதிவைத்த தாளும், அதே தயாரிப்புத் தொகுதியிலிருந்து ஒதுக்கிவைத்த மாதிரியும் மட்டுமே சாட்சிகளாக முடியும். நிரந்தரப் பொருள்களைவிடக் கரையும் பொருள்களுக்கே கண்டிப்பான பதிவு தேவை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நோயாளியின் அன்றாடத்துக்கும் இது நேரடியாகத் தொடர்புடையது. “கரைந்துவிடுகிற ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்” என்று பெருமிதத்தோடு சொல்பவர்களை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். காகிதங்களைப் பார்த்தால் பெரும்பாலும் அது கோபால்ட் குரோமிய உலோக ஸ்டென்ட்டாகவே இருக்கும். கரைவது அதன் மேலுள்ள பூச்சு மட்டும். வலை வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்கப்போகிறது. இந்தக் குழப்பத்தால், “அதுதான் கரைந்திருக்குமே” என்று ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலோ டிகாக்ரெலரோ எத்தனை மாதம் எடுக்க வேண்டும் என்பதை மாரடைப்பு வந்ததா, நீரிழிவு இருக்கிறதா, ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் எவ்வளவு என்பனவற்றையெல்லாம் வைத்து இதய மருத்துவரே முடிவு செய்கிறார். பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ போகும் ஊரில், முன்பின் அறியாத மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்தலாமா என்று தீர்மானிக்க வேண்டிய நேரத்தில், என்ன ஸ்டென்ட், எப்போது வைத்தது, எத்தனை, எந்தக் குழாயில் என்று காட்ட நோயாளியிடம் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டாமா?

இனி, அதிகம் பேசப்படாத ஒன்று: சேமிப்பு. நீரால் சிதைவதற்கென்றே வடிவமைத்த பொருள், உடலுக்குள் போகும் முன்னரே காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதையத் தொடங்கும். பி.எல்.ஜி.ஏ. இறுக்கம் தளர்ந்து மென்மையாகும் வெப்பநிலை பொதுவாக 45 முதல் 55 டிகிரி செல்சியசுக்குள் இருக்கிறது. ஈரம் ஏறினால் அது இன்னும் கீழே இறங்கும். இதனால்தான் இவற்றை ஈரம் புகாத உறையில் அடைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். காமா கதிர் சங்கிலிகளை வெட்டிவிடும், கொதிநீராவி பூச்சையே குலைத்துவிடும் என்பதால் பெரும்பாலும் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்குகிறார்கள். ஆலைக்குள் இவ்வளவு கவனம். ஆலையை விட்டு வெளியே வந்தபின்? மே மாதத்து வேலூரிலும் நாக்பூரிலும் விநியோகஸ்தரின் கிடங்கிலோ, கூரியர் வண்டியின் பின்பெட்டியிலோ அந்த உறை எத்தனை மணி நேரம் இருந்தது என்பதை யார் குறித்துவைக்கிறார்கள்? ஸ்டென்ட்டுகள் பெரும்பாலும் விநியோகஸ்தரின் இருப்பாகவே மருத்துவமனையில் வைக்கப்பட்டு, பயன்படுத்திய பிறகு கணக்குத் தீர்க்கப்படுகின்றன. பயன்படாதவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கலாம். தடுப்பூசிக் குப்பியின் மேல் வெப்பத்தைக் காட்டும் வட்டத்தை நம் கிராமச் செவிலியர்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் படித்துவருகிறார்கள். அதுபோன்ற ஓர் அடையாளத்தைக் கரையும் பூச்சுள்ள சாதனங்களின் உறையிலும் கேட்பது மிகையாகாது. இது எனக்கு மிக முக்கியமான கோரிக்கை. பூச்சின் மூலக்கூற்று எடை குறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்து எந்த மருத்துவராலும் அறிய முடியாது.

இதே பாலிமர்கள் ஊசி மருந்துகளிலும் இருக்கின்றன என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான லியூப்ரோலைடு மருந்தை நுண்ணிய பாலிமர் உருண்டைகளில் பொதித்து மாதம் ஒருமுறை போடும் ஊசி, 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதில் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது உண்மையில் பாலிமர்தான். ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம், ஆனால் வேறு பி.எல்.ஜி.ஏ. என்றால் முதல் வாரத்தில் அதிகமாகவும் கடைசி வாரத்தில் போதாமலும் போகலாம். இத்தகைய ஊசிகளுக்கு மலிவான மாற்று வடிவங்கள் வருவது உலகெங்கும் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் மாற்று வடிவங்கள் விற்கப்படுவது ஏழை நோயாளிகளுக்கு நன்மையே. அவற்றின் உறையிலும் பாலிமரின் வகையும் விகிதமும் அச்சிடப்பட வேண்டும். ஸ்டென்ட்டில் தொடங்கும் விதி பின்னர் இவற்றுக்கும் நீளட்டும்.

நான் கேட்பது உலகில் எங்கும் இல்லாததல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவச் சாதனச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, உடலில் பொருத்தப்படும் சாதனத்தோடு நோயாளிக்கு அட்டை தரப்பட வேண்டும் என்கிறது. நோயாளியின் உடல் எந்தெந்தப் பொருள்களோடு தொடர்புகொள்கிறது என்ற விவரமும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நோயாளி அட்டை கட்டாயம். சூரத்தில் தயாராகும் சுப்ராஃப்ளெக்ஸ் ஸ்டென்ட், கரையும் பூச்சும் 60 மைக்ரான் உலோகக் கம்பியும் கொண்டது. அது ஐரோப்பாவில் 1,435 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, புகழ்பெற்ற வெளிநாட்டு ஸ்டென்ட் ஒன்றுக்குக் குறைந்ததல்ல என்ற முடிவு 2019இல் லான்செட் இதழில் வெளியானது. இந்திய மருத்துவப் பொறியியலுக்குப் பெருமை சேர்த்த நிகழ்வு அது. நம் நாட்டில் செய்த பொருள் பற்றிய விவரம் ஐரோப்பிய நோயாளியின் சட்டைப் பைக்குச் சேர வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கும்போது, சூரத்துக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் அந்த உரிமை ஏன் இருக்கக் கூடாது?

இதற்கான அடித்தளத்தை நீங்களே போட்டுவிட்டீர்கள். ஸ்டென்ட்டின் விலையைத் தனியாகக் காட்டி, வணிகப் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனை தன் கட்டணச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்று 2017 ஆணையே சொல்கிறது. ஆனால் அது பணம் செலுத்துபவரை மனத்தில் வைத்து எழுதிய விதி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலோ கட்டணமில்லாமல் சிகிச்சை பெறுபவருக்குக் கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கும் தேவையே எழுவதில்லை. தகவல் அவரைத் தாண்டிக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே விவரத்தைக் கட்டணத்திலிருந்து பிரித்து, தனி அட்டையாக, வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் கையில் தரச் செய்யுங்கள். உலோகம் எது, மருந்து எது, பாலிமர் எது, பூச்சு கரையும் காலம், கரையாமல் நிலைத்திருக்கும் பகுதி, பொருத்திய நாளும் குழாயும், தொகுதி எண், காந்த அதிர்வுப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுக்கலாமா, மாத்திரையை யாரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது ஆகிய இவ்வளவும் ஓர் உள்ளங்கை அளவு அட்டையில் தமிழிலோ இந்தியிலோ வங்காளத்திலோ அடங்கிவிடும். பாலிமரின் விகிதம் வணிக ரகசியம் என்று நிறுவனங்கள் மறுப்புச் சொல்லக்கூடும். துல்லியமான செய்முறையை யாரும் கேட்கவில்லை. பொருளின் பெயரும் கரையும் காலமும் அவர்களே மருத்துவ இதழ்களில் எழுதுபவைதாம்.

பதிவேட்டுக்கும் இடம் தயாராக இருக்கிறது. சாதனங்களால் ஏற்படும் பாதிப்புகளைத் திரட்டும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 ஜூலையில் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் தரநூல் ஆணையத்தில் தொடங்கப்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் அதன் ஒத்துழைப்பு மையமாக இருந்துவருகிறது. இப்போதுள்ள ஏற்பாட்டில், பாதிப்பு நடந்து யாராவது படிவம் நிரப்பினால்தான் தகவல் வரும். பொருத்திய ஒவ்வொரு ஸ்டென்ட்டும் பதிவாகும் பட்டியல் இல்லாவிட்டால், வந்த பத்துப் புகார்கள் ஆயிரத்தில் பத்தா லட்சத்தில் பத்தா என்று யாராலும் சொல்ல இயலாது. கரையும் பூச்சுள்ள சாதனங்களின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில மாதிரிகளைத் தயாரிப்பாளரைச் சாராத ஓர் ஆய்வகத்தில் பாதுகாத்து, தேவைப்படும்போது மூலக்கூற்று எடையை அளக்கும் ஏற்பாட்டையும் இதனோடு இணைக்கலாம். பாலிமரை ஆராயும் திறனும் கருவிகளும் ஸ்ரீசித்திரையில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன.

நாடு முழுமைக்குமான விதி வருவதற்குக் காலமாகும் என்பதை அறிவேன். அதுவரை காத்திருக்காமல் தொடங்கக்கூடிய இடங்களும் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாகவும் தரச் சோதனையோடும் வாங்குவதில் நாட்டுக்கே முன்மாதிரியான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தன் ஒப்பந்தப் புள்ளி நிபந்தனைகளில் மூன்று வரிகளைச் சேர்த்தால் போதும்: பூச்சின் பாலிமரும் கரையும் காலமும் உறையில் தமிழில் இருக்க வேண்டும், உறையில் வெப்ப அடையாளம் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்டென்ட்டோடும் நிரப்புவதற்கு ஆயத்தமான நோயாளி அட்டை ஒன்று வர வேண்டும். மாநில மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு இம்மடலின் படியை இதற்காகவே அனுப்புகிறேன். அவ்வாறு ஒரு மாநிலம் முன்வந்தால், அதன் அட்டை வடிவத்தையே தேசிய மாதிரியாக ஏற்று அறிவிக்குமாறு உங்கள் இரு அமைப்புகளையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதிப்புடன்,
பாலிமர் வேதியியல் ஆசிரியர் ஒருவர்